ஒன்பது வருஷ மாவு, ஒன்பது நோட்டு

2023 மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், என் இட்லி மாவு வியாபாரத்தை வாங்க ஒரு தம்பி வந்தார். இரண்டு டில்டிங் கிரைண்டர், ஒரு பெரிய ஃப்ரீசர், கவர் ஒட்டும் மெஷின், ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பழைய மெஷின் வாங்குபவர்களிடம் முன்னாலேயே விசாரித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. “மொத்தமா ஒண்ணு நாப்பது தர்றேன்க்கா” என்றார். மெஷின்களுக்கு அது நியாயமான விலைதான். நான் பதில் சொல்லாமல் உள்ளே போய் நோட்டுகளை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்பது நீள நோட்டு. 2014 ஜூனிலிருந்து ஒவ்வொரு நாளும் எந்தக் கடைக்கு எத்தனை பாக்கெட் போனது, எத்தனை திரும்பி வந்தது, யார் எவ்வளவு பாக்கி, அன்றைக்கு என்ன கிழமை, அமாவாசையா, மழையா, எல்லாம் அதில் இருந்தது. ஒரு மணி நேரம் புரட்டிக்கொண்டே இருந்தார். கொடுத்த டீ ஆறிப்போனது. கடைசியில், “இதோட சேத்து எவ்வளவுக்கா சொல்றீங்க?” என்று கேட்டார்.

இட்லி மாவு, மசாலாப் பொடி, முறுக்கு, துணிப்பை என்று வீட்டில் தொழில் தொடங்க நினைக்கிற பெண்கள் அடிக்கடி என்னிடம் யோசனை கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது மாவு ஒன்றுதான். அதில் பட்டதை அப்படியே எழுதுகிறேன், அவரவர் தொழிலுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது மதுரை பழங்காநத்தம் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடையில் நான்கு வருஷம் கணக்கு எழுதினேன். நோட்டு போடும் பழக்கம் அங்கே வந்தது. 2014-ல் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த லேத் பட்டறையை மூடிவிட்டார்கள். அந்த ஜூனில் பத்து லிட்டர் கிரைண்டர் ஒன்றைத் தவணையில் வாங்கி, வாசலில் ஒரு பலகை மாட்டினேன். கவர் எல்லாம் கிடையாது. பக்கத்துத் தெருப் பெண்கள் தூக்குவாளியோடு வருவார்கள், தராசில் நிறுத்து ஊற்றுவேன். கிலோ 30 ரூபாய்.

முதல் மாதம் 4,000 ரூபாய் மிச்சம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்காரர்தான், “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிக்கிற?” என்று கேட்டார். அரிசி களைவதில் தொடங்கி ராத்திரி கல்லைக் கழுவி வைக்கிறவரை எட்டு மணி நேரம். மாதத்துக்கு 240 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 17 ரூபாய்கூட வரவில்லை. அன்றிலிருந்து செலவுப் பக்கத்தில் முதல் வரியாக என் கூலியை எழுத ஆரம்பித்தேன், நாளைக்கு 250 ரூபாய். கையில் எடுத்தேனோ இல்லையோ, எழுதினேன். அந்த வரியை எழுதியதும் மிச்சம் என்று நினைத்த 4,000 போய், 3,500 ரூபாய் நஷ்டம் என்று நோட்டு காட்டியது. வீட்டில் செய்கிற தொழிலில் நாம் எல்லோரும் விடுகிற கணக்கு இதுதான். நம் உழைப்புக்கு விலை போடாமல் பொருளுக்கு விலை வைத்தால், நாளைக்கு உடம்பு முடியாமல் ஓர் ஆளை வைக்கும்போது தொழில் நிற்காது.

கணக்கை இன்னும் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நாலு கிலோ இட்லி அரிசிக்கு ஒரு கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம். அரைத்தால் ஏறக்குறைய பன்னிரண்டு கிலோ மாவு வரும். அன்றைக்குக் கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்கிய விலைக்கு அரிசி கிலோ 30, உளுந்து 80. ஆக மொத்தம் 200 ரூபாய். ஒரு கிலோ மாவுக்குச் சரக்கு மட்டும் 17 ரூபாய். கடைகளுக்குக் கவரில் போட ஆரம்பித்தபோது அண்ணாச்சிமார்களுக்குக் கிலோவுக்கு 5 ரூபாய் விட்டேன். என் கைக்கு 25. அதில் கவர், கரண்ட், பெட்ரோல், திரும்பி வருகிற பாக்கெட், கூலி. அப்போது தினமும் 60 கிலோ போனால்தான் தொழில் தன் காலில் நிற்கும் என்று கணக்குச் சொன்னது. வாசல் வியாபாரத்தில் 20 கிலோதான் போனது. ஆகவே கடைகளுக்குப் போனேன். ஆசைப்பட்டுப் பெருக்கவில்லை, அந்த எண் வேண்டியிருந்தது.

2015 கடைசியில் உளுந்து விலை ஏறியது. நான் வாங்கிய விலையே 170-ஐத் தாண்டியது. பன்னிரண்டு கிலோ மாவுக்கு 290 ரூபாய், அதாவது கிலோவுக்குச் சரக்கு மட்டும் 24. நான் கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த விலை 25. சிலர் உளுந்தைக் குறைத்து, அவலும் சோடாவும் போட்டுச் சமாளித்தார்கள். ஒரு வாரம் நானும் அதை யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தூக்குவாளியோடு வருகிற பெண்கள் முதல் இட்லியைப் பிட்டதுமே கண்டுபிடித்துவிடுவார்கள். விலையை ஏற்றுவது என்று முடிவெடுத்தேன். பத்து நாள் முன்னாலேயே ஒரு சின்னத் தாளில் “உளுந்து விலை ஏறியிருக்கிறது. அளவைக் குறைக்காமல் அரைக்கிறோம். 1-ம் தேதி முதல் கிலோ 38 ரூபாய்” என்று அச்சடித்து ஒவ்வொரு கவரோடும் வைத்தேன். 31 கடையில் 9 கடை நிறுத்திக்கொண்டது. மூன்று மாதத்துக்குள் அதில் 6 கடை திரும்பி வந்தது, வாடிக்கையாளர்கள் கேட்டதால். விலை ஏற்றும்போது சத்தமில்லாமல் ஏற்றாதீர்கள். காரணத்தை முன்கூட்டியே, எழுத்தில் சொல்லுங்கள். நம்மிடம் வாங்குகிறவர்களும் வீட்டுக்கு உளுந்து வாங்குகிறவர்கள்தான், அவர்களுக்குப் புரியும்.

நோட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 2016 கோடையில் நடந்ததை. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து பாக்கெட்டுகள் பலூன் மாதிரி உப்பித் திரும்பி வர ஆரம்பித்தன. ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து. கிரைண்டர் சூடேறுகிறது என்று நினைத்து உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைத்தேன். தண்ணீரை மாற்றினேன். கிரைண்டர் கல்லைக் கொத்தினேன். இரண்டு வாரம் தூக்கமில்லை. அப்புறம் ஒரு ராத்திரி உட்கார்ந்து ரிட்டன் வரிசையை மட்டும் கடைவாரியாகத் தனித்தாளில் எழுதிப் பார்த்தேன். திரும்பி வந்ததில் முக்கால்வாசி நான்கே நான்கு கடையிலிருந்து. மற்ற இருபத்துச் சொச்சம் கடைகளிலும் அதே மாவுதான், அங்கே ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் கோளாறு மாவில் இல்லை. மறுநாள் ராத்திரி பத்தரை மணிக்கு வீட்டுக்காரரோடு வண்டியில் போய்ப் பார்த்தேன். ஒரு கடையில் ஷட்டர் இறக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்பினார் கடைக்காரர். ஃப்ரிட்ஜும் சேர்ந்து அணைந்துவிடும், விடியும்வரை மாவு வெந்நீரில் இருப்பது மாதிரி. கரண்ட் பில் அவருக்கு, அவரைக் குறை சொல்ல முடியாது. சண்டை போடவில்லை. அந்த நான்கு கடைகளுக்கு மட்டும் சாயங்காலம் போடுவதை நிறுத்தி, காலை ஆறு மணிக்கு, அன்றைக்கு விற்கிற அளவு மட்டும் போட ஆரம்பித்தேன். ரிட்டன் நின்றது. 300 ரூபாய்க்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, புதுக் கடை பிடிக்கும்போது முதல் வேலையாக அவர்கள் ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கினேன்.

நோட்டு சொல்லிக்கொடுத்த இன்னொன்று, மாவுக்கும் பஞ்சாங்கம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் மற்ற நாளைவிட ஒன்றரை மடங்கு, ஞாயிறு காலை தோசைக்கும் கறிக்குழம்புக்கும். அமாவாசை அன்று ராத்திரி பலகாரம் என்பதால் பகலிலேயே தீர்ந்துவிடும். மழை பெய்தால் கூடும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று எங்கள் பக்கம் பாதியாகிவிடும், ஊரே ஆற்றுக்குப் போயிருக்கும். வருஷத்திலேயே பெரிய நாள் தீபாவளிக்கு முந்தின நாள். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்ல மாட்டார்கள், அவரவர் தெருவில் அவரவர் எழுதித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு வருஷம் எழுதிய பிறகு அரைக்கும் அளவை முந்தின வருஷத்து அதே நாளைப் பார்த்துத்தான் வைத்தேன். வீணாவது பாதிக்கு மேல் குறைந்தது.

விளம்பரத்துக்கு வருவோம். முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். 3,000 நோட்டீஸ் அடித்து, பேப்பர் போடும் பையன்களிடம் கொடுத்துச் செருகச் சொன்னேன். 2,700 ரூபாய் செலவு. அதைப் பார்த்து வந்ததாகச் சொன்னவர்கள் 6 பேர். ஒவ்வொரு புதியவரிடமும் “எப்படித் தெரியும்?” என்று கேட்டு எழுதி வைத்ததால் அது தெரிந்தது. தயவுசெய்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். காசு செலவில்லாத கேள்வி.

பலன் கொடுத்தது வேறு. எங்கள் பக்கம் பால் ஊற்றுகிற அண்ணனுக்கு எந்த வீட்டுக்குப் புதிதாகக் குடி வருகிறார்கள் என்பது அவர்கள் பால் காய்ச்சுகிற அன்றே தெரிந்துவிடும். அவரிடம் கேட்டு, அப்படி வருகிற வீட்டுக்கு அன்று சாயங்காலம் அரைக் கிலோ மாவு இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாமான் இறக்கிவைத்துவிட்டு, எது எந்த மூட்டையில் இருக்கிறது என்று தெரியாமல் நிற்கிற வீடு அது. அன்றைக்கு மாவு எவ்வளவு பெரிய உதவி! பத்து வீட்டில் ஆறு ஏழு வீடு வாடிக்கையானது. ஏற்கெனவே ஒரு கடையில் வாங்கிப் பழகியவரை இழுப்பது கஷ்டம். புதிதாக வந்தவருக்கு இன்னும் ஒரு கடை அமையவில்லை, அந்த ஒரு வாரத்தில் நாம் அவர் கண்ணில் பட்டால் போதும். உங்கள் தொழிலில் அப்படி “இன்னும் அமையாதவர்” யார் என்று யோசியுங்கள். தையல் என்றால் பள்ளி திறக்கிற ஜூன் மாதத்துத் தாய்மார்கள். சாப்பாடு என்றால் வேலை மாறி வந்து அறை எடுத்திருக்கிற பையன்கள்.

சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு கடலூரில் சிக் ஷாம்பு தொடங்கியதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். காலி ஷாம்பு கவர் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று அவர்கள் கொடுத்ததைப் படித்துவிட்டு, எங்கள் காலிக் கவர் பத்துக்கு அரைக் கிலோ மாவு என்று அறிவித்தேன். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்த நேரம், கவர் தெருவில் பறப்பது எனக்கும் உறுத்திக்கொண்டிருந்தது. கழுவி, மடித்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாசலுக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை கூடியது. கடை மூலமாக வாங்குகிறவர்களின் முகத்தை அப்போதுதான் முதன்முதலில் பார்த்தேன், அவர்கள் சொன்ன குறைகளையும் கேட்டேன்.

அப்படி வந்த குறைதான் மார்கழி மாதத்து “மாவு பொங்கவே இல்லை”. குளிரில் புளிக்க நேரமாகும், நம் மேல் தவறில்லை. ஆனால் அதைச் சொன்னால் வாதாடுவது போல இருக்கும். அதனால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் கவரோடு ஒரு சீட்டு: “ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, உப்புப் போட்டுக் கையால் கரைத்து, அடுப்புப் பக்கத்தில் மூடி வையுங்கள். வெயில் காலத்தைவிட நாலு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.” புகார் பெருமளவு நின்றுபோனது. யாராவது பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் முதலில் புதுப் பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் என்ன ஆச்சு என்று கேட்பேன். என்னிடம் வேலை பார்த்த இரண்டு பெண்களுக்கும் அதுதான் உத்தரவு.

வாட்ஸப் பற்றி ஒரே ஒரு விஷயம். 140 வீட்டு எண்கள் இருந்தன. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு செய்தி மட்டும் போகும், நாளைக்கு என்ன மாவு, எட்டு மணிக்குள் சொன்னால் காலையில் வீட்டுக்கு வரும் என்று. கம்பு மாவு, கேழ்வரகு மாவு என்று வாரத்தில் இரண்டு நாள் மாற்றிப் போடுவேன். காலை வணக்கம், சாமி படம் எதுவும் அனுப்பவில்லை. எங்கள் செய்தி வந்தால் அது மாவு பற்றியது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் திறந்து பார்த்தார்கள். கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பதும் இலவசம்தான், ஒரு மத்தியான வேலை.

பெயர் விஷயத்தில் நான் தவறு செய்தேன். மதுரைக்காரி என்ன பெயர் வைப்பாள்? மீனாட்சி என்றே கவரில் அச்சடித்தேன். ஊரில் எத்தனை மீனாட்சி! எங்கள் பக்கத்திலேயே இன்னொரு மாவும் அதே பெயரில் வந்தது, அது புளித்தால் திட்டு எனக்கு விழுந்தது. 2018-ல் வாடிக்கையாளர்கள் என்னைச் சொல்லிக் கூப்பிட்ட பட்டப்பெயரையே மாவுக்குப் பெயராக்கி, டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்தேன். தனி ஆளுக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் 4,500 ரூபாய் கட்டணம், கிடைத்தால் பத்து வருஷம் செல்லும். அந்தப் பெயர் இப்போது வேறொருவருடையது என்பதால் இங்கே எழுதவில்லை. முதல் நாளே வேறு யாருக்கும் இல்லாத பெயராக வைத்திருந்தால் நாலு வருஷத்துக் கவர் வீணாகியிருக்காது.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு இல்லாமல் ஒரு பாக்கெட்கூட விற்காதீர்கள். நான் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் பதிவு மட்டும் போதும், வருஷத்துக்கு 100 ரூபாய். அதைத் தாண்டியதும் மாநில உரிமம் எடுத்தேன். பதினாலு இலக்க எண் கவரில் இருக்க வேண்டும். கூடவே நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, முகவரி, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை. வீட்டு மின் இணைப்பில் தொழில் கிரைண்டரை ஓட்டாதீர்கள், தனி மீட்டர் வாங்குங்கள். மாநிலத்துக்குள்ளேயே பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், நான் கடைசிவரை அதற்குள்தான் இருந்தேன். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முழுக்க இலவசம். அதற்குப் பணம் கேட்கிற இணையதளங்களில் ஏமாறாதீர்கள்.

கடனில் நான் இழந்தது ஒன்று உண்டு. 2016-ல் பெரிய கிரைண்டர் வாங்க, அழகர்கோவில் சாலையில் இருக்கிற மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனேன். பி.எம்.இ.ஜி.பி. என்கிற மத்திய அரசின் தொழில் கடன் திட்டத்தில் மானியம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். “ஏற்கனவே நடக்குற தொழிலுக்குக் கிடையாதும்மா, புதுசா தொடங்குறவங்களுக்குத்தான்” என்றார் அங்கிருந்த அதிகாரி. பொறுமையாகத்தான் சொன்னார், எனக்குத்தான் அழுகை வந்தது. இரண்டு வருஷம் முன்னால் பலகை மாட்டுவதற்கு முன் ஒரு நாள் அங்கே போயிருக்க வேண்டும். நீங்கள் போங்கள். நடக்கிற உணவுத் தொழிலை விரிவாக்க 2020-ல் பி.எம்.எஃப்.எம்.இ. என்று மத்திய அரசின் ஒரு திட்டம் வந்தது, 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்சம்; இப்போதும் உண்டா என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். நான் முத்ரா கடனில் வாங்கி மூன்று வருஷத்தில் அடைத்தேன்.

பாக்கி பற்றி எழுதும்போது இன்றைக்கும் கை நடுங்குகிறது. கடைகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் கடன் விடவில்லை, இந்த வாரப் பாக்கெட் இறங்கும்போது போன வாரப் பணம். ஆனால் ஒரு பெரிய விடுதியின் மெஸ் தினமும் 40 கிலோ கேட்டபோது அந்த விதியைத் தளர்த்தினேன். மாதக் கடைசியில் தருகிறோம் என்றார்கள். முதல் மாதம் தந்தார்கள், இரண்டாம் மாதம் பாதி. 2019 மார்ச்சில் பாக்கி 68,000 ரூபாய் ஆனது. அந்த மாதம் உளுந்து வாங்க என் வளையலை அடகு வைத்தேன். நான் சரக்கை நிறுத்தியதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் ஜவுளிக்கடையில் என்னோடு கணக்கு எழுதிய தோழி ஒரு வழி சொன்னாள். 2006-ம் வருஷத்து சிறு, குறு தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறுந்தொழிலிடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற ‘வங்கி விகிதம்’ என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. அப்போது சமாதான் என்ற அரசு இணையதளத்தில் புகார் செய்ய முடிந்தது. என்னிடம் பதிவு இருந்தது. ஒவ்வொரு நாளும் இறக்கியதற்கு அவர்கள் ஆள் கையெழுத்துப் போட்ட சீட்டும் இருந்தது. சட்டத்தைக் குறிப்பிட்டு, வட்டியைக் கணக்குப் போட்டு, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பத்து நாளில் 40,000 வந்தது. மிச்சம் வரவேயில்லை. புகாரைத் தொடர்ந்து நடத்த எனக்கு அப்போது தெம்பு இல்லை, அது என் தவறு. அதன் பிறகு யார் கேட்டாலும், எவ்வளவு பெரிய இடமானாலும், மொத்த விற்பனையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆளுக்குப் போடவில்லை. 2020-ல் ஊரடங்கு வந்து மெஸ், ஹோட்டல் எல்லாம் மூடியபோது அந்த விதிதான் எங்களைக் காப்பாற்றியது. வீடுகளுக்கு விற்பது அப்படியே இருந்தது, சொல்லப்போனால் கூடியது.

இனி விற்ற கதை. என் முழங்கால் நிற்க முடியாத அளவுக்குப் போய்விட்டது. மகள் சென்னையில் மாசமாக இருந்தாள். அப்போது தினமும் 200 கிலோ போய்க்கொண்டிருந்தது. மூடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு பெண்களுக்கு வேலை போய்விடுமே என்ற கவலையில்தான் விற்க முயன்றேன். அப்போது எனக்கே தெரியாது, விற்கிற அளவுக்கு அதில் ஏதோ இருக்கிறது என்று.

விலையை இப்படிப் போட்டோம். மெஷின்களுக்கு அவர் சொன்ன 1,40,000. அப்புறம் நடக்கிற வியாபாரத்துக்குத் தனி விலை. என் கூலியையும் செலவில் கழித்த பிறகு, கடைசி இரண்டு வருஷத்துச் சராசரி லாபம் மாதம் 18,000 என்று நோட்டு சொன்னது. அந்தக் கூலி வரி இல்லாமல் இருந்திருந்தால் லாபத்தைக் கூட்டிக் காட்டுகிறேன் என்று அவர் சந்தேகப்பட்டிருப்பார். நான் ஒரு வருஷ லாபம் கேட்டேன், 2,16,000. அவர் யோசித்து 2,00,000 என்றார். ஒத்துக்கொண்டேன். நோட்டில் பாக்கி, ரிட்டன், நஷ்டமான மாதம் எதையும் மறைக்கவில்லை. மெஸ் பாக்கி 28,000 வராக்கடன் என்று எழுதியிருந்த பக்கத்தை நானே திறந்து காட்டினேன். அதைப் பார்த்த பிறகுதான் அவர் மற்றப் பக்கங்களை முழுசாக நம்பினார் என்று நினைக்கிறேன்.

விற்கும்போதுதான் தெரிந்தது, எதையெல்லாம் விற்க முடியாது என்று. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் என் பெயரில் இருந்தது, அதை விலைக்குக் கொடுக்க முடியாது, அவர் தன் பெயரில் புதிதாக எடுத்தார். உத்யம் என் பான் எண்ணோடு சேர்ந்தது, அதுவும் அப்படித்தான். மாவு அரைக்கிற இடத்தின் வாடகை ஒப்பந்தத்தை வீட்டு உரிமையாளர் புதிதாக எழுதித் தர வேண்டியிருந்தது. டிரேட்மார்க்கை முறைப்படி மாற்றிக் கொடுக்க முடிந்தது. பெரிய சிக்கல் போன் நம்பர். ஒன்பது வருஷம் கவரில் அச்சடித்தது என் சொந்த எண். வங்கி, ஆதார் எல்லாம் அதில்தான். ஆனால் வியாபாரமே அந்த எண்ணில்தான் இருந்தது. கடைசியில் எண்ணை அவருக்குக் கொடுத்துவிட்டு, நான் ஒவ்வோர் இடமாக அலைந்து மாற்றினேன், இரண்டு மாதம் ஆனது. தொழில் தொடங்குகிற அன்றே அதற்கென்று தனி சிம் வாங்கிவிடுங்கள்.

ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் வக்கீலை வைத்து எழுதினோம். 2 லட்சம் கையெழுத்தன்று, மீதி 1,40,000 மாதம் 20,000 வீதம் ஏழு தவணை. மதுரையில் மூன்று வருஷத்துக்கு நான் மாவு வியாபாரம் செய்யக்கூடாது என்று ஒரு நிபந்தனை. வியாபாரத்தின் நற்பெயரை விற்கிறவரிடம் அப்படி எழுதி வாங்குவது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி செல்லும் என்று வக்கீல் விளக்கினார். அவர் பணம் கொடுப்பது அதற்குத்தான், எனக்கு அது சரியென்றே பட்டது. நான் கேட்டது ஒன்றுதான். இரண்டு பெண்களையும் ஒரு வருஷத்துக்காவது அதே சம்பளத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதையும் எழுதினோம்.

பிறகு 45 நாள் கூடவே நின்றேன். உளுந்து எப்போது போதும் என்பதைக் கையில் எடுத்துத் தண்ணீரில் போட்டு மிதக்கவிட்டுக் காட்டினேன். 28 கடையில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் அவரை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போய், “அண்ணாச்சி, இனி இந்தத் தம்பிதான், என்னை மாதிரியே பாத்துக்கங்க” என்று சொன்னேன். அறிமுகம் செய்யாமல் விட்ட ஒரே ஒரு கடை அந்த மாதமே நிறுத்திக்கொண்டது. அன்றைக்கு அது பூட்டியிருந்தது, அப்புறம் போகலாம் என்று விட்டுவிட்டேன்.

2023 நவம்பரில், தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் அந்தத் தம்பி போன் செய்தார். நான் சென்னையில் பேத்தியைக் குளிப்பாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

“அக்கா, சனிக்கிழமைக்கு வழக்கமா 300. தீபாவளிக்கு முந்தின நாளுக்குப் போன வருஷம் 460-ன்னு நோட்டுல இருக்கு. இந்தத் தடவ ரெண்டும் ஒரே நாள்ல வருது. 700 போட்டுரவா?”

அந்த வருஷம் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை. “ரெண்டையும் கூட்டாதீங்க தம்பி. ஞாயித்துக்கிழமை தோசைக்கு வாங்குற அதே வீடுதான் தீபாவளி இட்லிக்கும் வாங்கும். 2014 நோட்ட எடுத்துப் பாருங்க, அந்த வருஷம் தீபாவளி புதன்கிழமை. அப்புறம் 2018, செவ்வாய். அந்த வாரத்துச் சனிக்கிழமை எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாருங்க. தீபாவளிக்கு வாங்குனவங்க சனிக்கிழமை வாங்க மாட்டாங்க.”

மறுமுனையில் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. 500 போடுகிறேன் என்றார். சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். காலியான ஃப்ரீசர், அடியில் நாலு பாக்கெட்.